கறுப்புச் செய்தி, வெள்ளைச் செய்தி: பலகை விளையாட்டுச் சிற்றிதழ்களுக்கு எழுதுவது குறித்துச் சில குறிப்புகள்

'சிற்றிதழ்' என்ற சொல்லை இலக்கியத்துக்கும் அரசியலுக்கும் மட்டுமே பட்டா போட்டு வைத்திருக்கிறோம் நாம். விளையாட்டைப் பற்றி எழுதுவது எழுத்தே இல்லை என்பது ஒரு பழைய ஏற்பாடு. கிரிக்கெட் பற்றி எழுதினால் நிருபர், செஸ் புதிர் போட்டால் வாரமலர்க்காரர், அவ்வளவுதான். ஆனால் சம்பளம் வாங்காத ஒரு மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து ஸ்டென்சில் வெட்டி, உருட்டி, பின் அடித்து, விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பதுதான் சிற்றிதழ் என்றால், அறுபதுகளில் அமெரிக்காவிலும் பிறகு இங்கிலாந்திலும் பலகை விளையாட்டுக்காரர்கள் நடத்திய இதழ்களை என்னவென்று சொல்வது? அவற்றுக்கு ஒருவர் கட்டுரை அனுப்பினார் என்றால் அந்தச் செயலின் பொருள் என்ன? அனுப்பியவருக்குக் காசில்லை, புகழும் கிடையாது. பிறகு எதற்கு அனுப்பினார்?

பொழுதுபோக்கு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ளலாம்தான். எனக்கு அது போதவில்லை. நம் தீவிர இதழ்கள் முப்பது வருஷமாக மேற்கோள் காட்டிச் சலித்த சில கோட்பாட்டுப் பிரச்சினைகளை - ஆசிரியன் யார், பிரதி யாருடையது, வாசகன் எங்கே நிற்கிறான் - இந்த இதழ்காரர்கள் கோட்பாடு தெரியாமலே, தபால்தலைச் செலவோடு, நடைமுறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். அதில் எங்கே தோற்றார்கள் என்பதும் நமக்கு முக்கியம்.

'டிப்ளமசி' என்கிற ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆலன் கால்ஹமர் என்பவர் 1954-இல் உருவாக்கினார். ஹார்வர்டில் படிக்கும்போது, முதல் உலகப்போரின் தோற்றம் பற்றி எழுதிய சிட்னி ஃபே என்னும் வரலாற்றாசிரியரின் வகுப்பில் இருந்தவர். எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. 1959-இல் கைக்காசைப் போட்டு 500 பிரதி அவரே வெளியிட்டார். (அதே 1959-இன் ஜனவரியில்தான் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்குகிறார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கைக்காசைப் போட்டவர்களின் ஆண்டு என்று குறித்துவைத்துக்கொள்ளலாம்.) பின்னாளில் கால்ஹமர் இல்லினாய் மாநிலத்தில் தபால்காரராக வேலை பார்த்தார். 2013-இல் இறந்தார். தபாலில் வாழ்ந்த ஓர் ஆட்டத்தின் கர்த்தா தபால் பை சுமந்தார் என்பதைக் கதையில் எழுதினால் 'செயற்கையாக இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆட்டம் இதுதான். 1901-ஆம் வருஷத்து ஐரோப்பிய வரைபடம். ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்டக்காரர்கள். 34 வழங்கல் மையங்கள். அதில் 18-ஐப் பிடித்தவர் ஜெயித்தவர். தாயக்கட்டை கிடையாது, அதிர்ஷ்டமே கிடையாது. பேசுவது, ஒப்பந்தம் போடுவது, ஒப்பந்தத்தை உடைப்பது, இவ்வளவுதான் கருவி. பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் படைகளுக்கான உத்தரவைத் தாளில் எழுதுகிறார்கள். எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் திறக்கப்படுகிறது. உத்தரவு எழுதாத படை நின்ற இடத்திலேயே நிற்கும். தப்பாக எழுதினாலும் நிற்கும். மனசில் என்ன நினைத்தீர்கள், வாயால் என்ன சொன்னீர்கள் என்பதற்கு மதிப்பில்லை. எழுதியது மட்டுமே நடந்தது.

ஏழு பேரை ஒரு மேஜையில் ஒரு நாள் முழுக்க உட்காரவைப்பது கஷ்டம். ஆகவே தபால். 1963-இல் ஜான் போர்டுமன் என்கிற இயற்பியல் ஆசிரியர் நியூயார்க்கில் 'கிராஸ்டார்க்' என்ற இதழைத் தொடங்கினார். ஒரு பழைய நாவலில் வரும் இல்லாத நாட்டின் பெயர் அது. தபால் டிப்ளமசிக்கு என்று வந்த முதல் இதழ். ஆட்டக்காரர்கள் உத்தரவுகளைக் கடிதமாக இவருக்கு அனுப்புவார்கள், இவர் தீர்த்து அடுத்த இதழில் முடிவை அச்சடிப்பார். ஓர் ஆட்டம் முடிய ஒன்றிரண்டு வருஷம் ஆகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருஷத்தோடு ஓர் எழுத்தும் சேர்த்து எண் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் 1963ஏ. 'போர்டுமன் எண்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த போர்டுமன் யார் என்று பார்த்தால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 1957-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கறுப்பின மாணவர்களை ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைத்ததற்காக வெளியேற்றப்பட்டவர். வியட்நாம் போருக்கு எதிரானவர். அந்த எதிர்ப்பு ஆஸ்திரியா-ஹங்கேரியின் படை நகர்வுகளுக்குப் பக்கத்திலேயே, அதே ஸ்டென்சிலில் வந்தது. 'விளையாட்டு இதழில் அரசியல் எதற்கு' என்ற கேள்விக்கு அவர் பக்கங்களே பதில். 1901-இன் ஏகாதிபத்தியங்களை நகர்த்தி விளையாடுகிறவனிடம், 1965-இன் ஏகாதிபத்தியத்தைப் பற்றி மட்டும் பேசாதே என்றால் எப்படி?

இனி எழுத்துக்கு வருகிறேன். இந்த இதழ்களுக்கு வந்தவை இரண்டு வகை. ஒன்று கட்டுரை. இன்னொன்றுக்கு அவர்கள் 'பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள், நாம் 'செய்தி' என்றே சொல்லலாம். ஆட்டக்காரர்கள் தம் நாட்டின் பெயரில் எழுதி அனுப்பும் கற்பனை அறிக்கைகள். வியன்னாவிலிருந்து ஓர் அறிவிப்பு, கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஒரு மறுப்பு, ரோமிலிருந்து ஒரு கேலிப்பாட்டு. ஆட்ட முடிவுகளுக்கு நடுவே இவை அச்சாகும். யார் எங்கிருந்து பேசலாம் என்பதற்கு விதிமுறை இருந்தது. வெள்ளைச் செய்தி என்றால் எந்த ஊரின் பெயர் போட்டிருக்கிறதோ அந்த நாட்டுக்காரரே எழுதியது என்று இதழாசிரியர் உத்தரவாதம் தருகிறார். சாம்பல் என்றால் யாருடையது என்று தெரியாது. கறுப்பு என்றால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். துருக்கிக்காரர் பெர்லினிலிருந்து அறிக்கை விடலாம். இரண்டாம் உலகப்போரின் பிரச்சாரத் துறைகள் புழங்கிய சொற்கள் இவை.

ரொலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' முதலில் ஆங்கிலத்தில், 1967-இல், 'ஆஸ்பென்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே தனித்தனிச் சிறுநூல்கள், இசைத்தட்டுகள், ஒரு படச்சுருள். பலகை விளையாட்டுப் பெட்டி மாதிரியே இருந்திருக்கும். நம் சூழலில் அந்தக் கட்டுரையைப் புத்தகத் தொகுப்புகள் வழியே படித்து, ஆசிரியன் செத்தான் என்று கையெழுத்துப் போட்டு அறிவித்தோம். செத்தவனை அறிவித்தவன் பெயர் கொட்டை எழுத்தில்! விளையாட்டு இதழ்காரர்கள் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பெயர் என்பது ஒரு விதியின் விளைவு என்று மட்டும் வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் பெயருக்கு உத்தரவாதம் உண்டு, அந்தப் பக்கத்தில் இல்லை, வாசகரே பார்த்துப் படிச்சுக்கோங்க. படிக்கிறவருக்கு இது வெறும் ரசனை விவகாரம் இல்லை. பெர்லின் அறிக்கையை நம்பினால் அடுத்த பருவத்தில் அவர் வார்சாவை இழக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'மாற்று ஆள்' முறை. ஓர் ஆட்டக்காரர் கெடுவுக்குள் உத்தரவு அனுப்பவில்லை என்றால் 'நகர்வு வரவில்லை' என்று இதழில் போடுவார்கள். தொடர்ந்தால் காத்திருக்கும் மாற்று ஆள் ஒருவருக்கு அந்த நாடு போய்விடும். முன்னவர் செய்த ஒப்பந்தம், துரோகம், கடன் எல்லாம் பின்னவர் தலையில். இத்தாலி அப்படியே இருக்கும், இத்தாலியாக எழுதுகிறவர் மாறிவிடுவார். இன்னும் ஒரு படி மேலே: இதழே நின்றுபோனால்? நின்றுபோவதுதான் சிற்றிதழின் இயல்பு, அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது அதில் நடந்துகொண்டிருந்த ஆட்டங்கள் 'அநாதை' ஆகும். அநாதை ஆட்டங்களை வேறு இதழ்களில் சேர்த்துவிடுவதற்கென்றே தன்னார்வலர்கள் இருந்தார்கள். பாதியில் நின்ற ஆட்டம் இன்னொருவர் வீட்டு ஸ்டென்சிலில் தொடரும். நம் இதழ்கள் நின்றபோது பாதியில் விட்ட தொடர்கள் எத்தனை, கொடுத்து அச்சாகாத கட்டுரைகள் எத்தனை? என் கட்டுரை ஒன்றை ஓர் இதழ் மூன்று வருஷம் வைத்திருந்து, பிறகு இதழும் நின்று, கையெழுத்துப் பிரதியும் போச்சு. யாரும் அதைத் தத்தெடுக்கவில்லை. அதற்கொரு ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம்கூட நமக்கு வந்ததில்லை.

கட்டுரைக்கு வருவோம். டிப்ளமசி இதழுக்கு வரும் கட்டுரையில் முக்கியமானது உத்திக் கட்டுரை. இந்த நாட்டை எப்படித் தொடங்குவது, எந்தக் கூட்டு எதுவரை தாங்கும் என்பன. எடி பிர்சன் என்ற ஆட்டக்காரர் வகுத்த 'லெபாண்டோ தொடக்கம்' பெரிதாகப் பேசப்பட்டது. இத்தாலி முதல் வருஷம் படையைக் கடல்வழியாகத் துனிசில் இறக்குகிறது. அடுத்த வருஷம் கப்பலைக் கிழக்கு மத்தியதரைக்கு நகர்த்தி, அந்தப் படையைச் சிரியாவில் இறக்கித் துருக்கியின் முதுகுப்புறம் போகிறது. ஆஸ்திரியாவின் நட்பு இல்லாமல் இது நடக்காது. இதை எழுதி அச்சில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஆட்டத்தில் துருக்கியாக உட்காருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார். எழுதினவரின் ரகசியம் அவருக்கு எதிராகவே பயன்படும். எழுதுவது என்பது இங்கே தன் பலத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பலவீனமாவது.

இதை நம் விமர்சனத்தோடு வைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு விமர்சனம் என்பது சேர்த்துவைப்பது: மேற்கோள், பெயர், பீடம். எழுதி முடித்ததும் முன்பைவிட ஒரு அங்குலம் உயரமாகிறோம். படிக்கிறவர் ஒரு அங்குலம் குள்ளமாகிறார். அவர் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் நம்மையே தோற்கடிக்க வழியிருக்கா? நாம் அப்படி எழுதுவதில்லை. தோற்கடிக்கக்கூடியபடி எழுதுவது என்றால் வாதத்தின் ஒவ்வொரு நகர்வும் திறந்து இருக்க வேண்டும். 'இருத்தலின் அவலம்' மாதிரியான சொற்களை வைத்துக்கொண்டு அது முடியாது, எந்தப் படை எங்கே நகர்ந்தது என்றே தெரியாது.

இதழாசிரியரின் அதிகாரம் குறித்தும் சொல்லணும். அவரே பதிப்பாளர், அவரே நடுவர். ஆனால் அவர் தன் 'வீட்டு விதி'களை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்: கெடு எப்போது, சந்தேகமான உத்தரவை எப்படிப் படிப்பேன், எதை வெளியிடுவேன், எதை வெளியிடமாட்டேன். தீர்ப்பில் பிழை என்றால் வாசகர் எழுதுவார், திருத்தம் வந்தாக வேண்டும், ஒருவரின் படை அதில் தொங்குகிறது. இன்னொரு மரபில் ஆசிரியர் அதிகாரமே கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்காவில் 1876 முதலே அமெச்சூர் அச்சுச் சங்கங்கள் இருந்திருக்கின்றன. அதிலிருந்து வந்த வடிவத்தில் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே தயாரித்து அனுப்ப, ஒருவர் சேர்த்துப் பின் அடித்து எல்லோருக்கும் அனுப்புகிறார். லீ கோல்ட் என்ற பெண்மணி லாஸ் ஏஞ்சலிசில் 1975-இல் இப்படித் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' பலகையைத் தாண்டிப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்கானது. 2025 வரை, ஐம்பது வருஷம் வந்தது. அவ்வளவு காலம் ஒருவர் மற்றவர் பக்கங்களைத் தொகுத்துக்கொண்டே இருந்தார் என்பதை நம்மால் கற்பனை பண்ணக்கூட முடியவில்லை.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கு. சுதந்திர எழுத்தாளர்களின் குடியரசு என்று கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தக் குடியரசில் வாக்குரிமை யாருக்கு இருந்தது? இலவசமாக எழுத நேரம் வேண்டும், தட்டச்சுப் பொறி வேண்டும், மாதாமாதம் தபால் செலவு தாங்க வேண்டும். அந்த உலகம் பெரும்பாலும் படித்த வெள்ளை ஆண்களின் உலகம். லீ கோல்ட் விதிவிலக்கு என்பதால்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற இதழ் ஒன்றின் பெயர் 'டோல்ஷ்டோஸ்', முதுகில் குத்துதல். ரிச்சர்ட் ஷார்ப் நடத்தியது. ஆட்டத்தில் துரோகத்தைக் குத்து என்றே சொல்வதால் வைத்த வேடிக்கைப் பெயர். ஆனால் அந்த ஜெர்மன் சொல், 1918 தோல்விக்குப் பிறகு யூதர்கள் மீதும் இடதுசாரிகள் மீதும் பழிபோட ஜெர்மன் வலதுசாரிகள் பரப்பிய பொய்யின் பெயர். நாஜிகள் அதில்தான் வளர்ந்தார்கள். யாருக்கு அந்தச் சொல் வேடிக்கையாக இருக்க முடியும் என்று கேட்பது சிடுமூஞ்சித்தனம் ஆகாது.

அடுத்தது சொத்து விவகாரம். இலவசமாகக் கொடுத்த எழுத்து எங்கே போனது?

1967 ஜனவரியில் கிறிஸ் வாக்னர் என்கிற அமெரிக்க விமானப்படைக்காரர், ஜப்பானில் பணியில் இருந்தபடி, 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்' என்ற போர் விளையாட்டு இதழைத் தொடங்கினார். வழக்கம்போலக் கடன். 1969-இல் ஜிம் டன்னிகனுக்கு ஒரு டாலருக்குக் கைமாறியது. டன்னிகன் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அங்கே 1968-இல் நடந்த மாணவர் எழுச்சியை வைத்து ஓர் ஆட்டம் உருவாக்கி, 1969-இல் கொலம்பியா மாணவர் நாளேட்டிலேயே வெளியிட்டவர். தலைப்பில் கெட்ட வார்த்தை உண்டு. அந்த ஆட்டத்தில் பிடிக்க வேண்டியது நிலத்தை அல்ல, வெவ்வேறு குழுக்களின் ஆதரவை. கட்டுரைக்குப் பதிலாக ஆட்டத்தையே பத்திரிகைக்கு அனுப்பலாம், அதுவும் ஒரு அரசியல் வாசிப்பு என்று காட்டிய காரியம் அது. அதே டன்னிகன் வாங்கிய இதழில் ஒவ்வொன்றிலும் ஒரு முழு ஆட்டம் வைத்துக் கொடுத்து, எஸ்.பி.ஐ. என்ற கம்பெனியாக வளர்த்தார். வாசகர் கடிதம் இருந்த இடத்தில் எண்ணால் பதில் போடும் அட்டை வந்தது: எந்த ஆட்டம் வேண்டும், எவ்வளவு வேண்டும். வாசகர் எழுதுவது நின்று மதிப்பெண் போடுவது தொடங்கிய தருணம் என்று இதை நான் பார்க்கிறேன். சிலர் இதைத்தான் ஜனநாயகம் என்கிறார்கள். 1982-இல் எஸ்.பி.ஐ. கடனில் மாட்டியது. கடன் கொடுத்த டி.எஸ்.ஆர். கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. ஆயுள் சந்தா கட்டியவர்களுக்கு இதழ் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. சொத்து வேண்டும், வாக்கு வேண்டாம். டிப்ளமசி பலகையில் இதற்கும் பெயர் குத்துதான்.

அந்த டி.எஸ்.ஆர். எங்கிருந்து வந்தது? அதே தன்னார்வ இதழ்களிலிருந்துதான். கேரி கைகாக்ஸ் அறுபதுகளின் கடைசியில் இந்தச் சின்ன இதழ்களுக்கு விடாமல் எழுதியவர். 'காசில் அண்ட் க்ரூசேட் சொசைட்டி' என்ற குழுவின் செய்திமடலான 'டூம்ஸ்டே புக்'கில் 1970-இல் வந்த இடைக்காலப் போர் விதிகள், 1971-இல் 'செயின்மெயில்' என்ற விற்பனை நூலின் பகுதியாயின. அதன் மேல் எழுந்தது 1974-இன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அட்டையில் இரண்டு பெயர், கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஐந்து வருஷத்தில் ஆர்னெசன் உரிமைத்தொகை கேட்டு வழக்குப் போட்டார். 1981-இல் சமரசம். இரண்டு பேருக்கு நடுவில் யார் ஆசிரியர் என்று நீதிமன்றத்தில் தகராறு. ஆனால் அந்த விதிகளை விளையாடிப் பார்த்து, 'இந்த இடம் ஓடவில்லை' என்று கடிதம் எழுதி, திருத்தம் சொல்லி, அடுத்த இதழில் மறுப்பு எழுதிய பேர்கள்? அவர்களுக்கு வழக்குப் போட வக்கீலும் இல்லை, போட வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. பொதுநிலத்தை வேலி போட்டு வளைப்பதைப் பற்றி மார்க்ஸ் எழுதியதை நாம் வயலுக்கும் காட்டுக்கும்தான் வாசித்திருக்கிறோம். இங்கே வேலி போடப்பட்டது ஸ்டென்சில் தாளுக்கு. இங்கிலாந்தின் முதல் டிப்ளமசி இதழ் 'ஆல்பியன்'. 1969-இல் தொடங்கியவர் டான் டர்ன்புல். எண்பதுகளில் அவர் டி.எஸ்.ஆரின் இங்கிலாந்துக் கிளைக்குத் தலைவர். தனிமனிதரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சிற்றிதழ் என்பது கம்பெனிக்குச் சம்பளமில்லாத பயிற்சிக்கூடமாக மாறும் பாதை எவ்வளவு வழுக்கலானது என்பதற்காக. நம்மூரில் சிற்றிதழிலிருந்து வார இதழுக்கும் சினிமாவுக்கும் போன பாதையை நினைவுபடுத்திக்கொள்வது உங்கள் விருப்பம்.

எல்லோரும் கம்பெனிக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து கெர்ரி ஹேண்ட்ஸ்கோம்ப் 2000-இல் தொடங்கிய 'அப்ஸ்ட்ராக்ட் கேம்ஸ்' 2003-இல் 16 இதழோடு நின்றது. பல வருஷம் கழித்து மறுபடி வந்தது, அதே பெயரில், விட்ட எண்ணிலிருந்து.

கடைசியாக, வரைபடம். கால்ஹமரின் பலகையில் துனிஸ் ஒரு வழங்கல் மையம். மற்ற வட ஆப்பிரிக்கா வெறும் இடம், படை கடந்து போகலாம். லெபாண்டோ கட்டுரையில் இத்தாலிப் படை துனிசில் இறங்கி ஏறுகிறது, அங்கே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. பிரிட்டன் இருக்கிறது, அதன் இந்தியா பலகையிலேயே இல்லை. இதைச் சரிக்கட்ட முயன்றதும் இதழ்க்கார ஆட்டக்காரர்கள்தான். மாற்று விதிகள் எழுதி அனுப்புவது அங்கே தனி வகை இலக்கியம். ஒஹையோவின் யங்ஸ்டவுன் ஊர்க்காரர்கள் உருவாக்கிய வடிவத்தில் பத்துப் பேர் ஆடலாம். சீனா, ஜப்பானோடு இந்தியாவும் ஒரு வல்லரசு. சமமாக உட்கார நாற்காலி போட்டார்கள், ஆனால் உட்காரும் விதி அதே விதி: பிடி, இல்லையென்றால் பிடிபடு. 1994-இல் அவலான் ஹில் கம்பெனி வெளியிட்ட 'கலோனியல் டிப்ளமசி'யில் ஆசியாவே பலகை. அதில் மதராஸ் உண்டு, பிரிட்டனின் தொடக்க இடங்களில் ஒன்றாக. இலங்கையும் உண்டு. ஏழு பேரில் யாரும் அங்கிருந்து பேச முடியாது. அந்தப் பலகையில் மதராஸ் பேச வேண்டுமானால் கறுப்புச் செய்தியில்தான் பேச முடியும், யாரோ ஒருவர் ஊர்ப்பெயரை மேலே போட்டு எழுதி அனுப்பினால்.